கழற்றி மாட்டும் வீடு

ஜீப்பிலிருந்து இறங்கியதும் அவர்கள் செய்த முதல் காரியம் மூக்கைப் பொத்தியது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. எஸ்டேட் கூலிகளின் வரிசை வீடான ஆறாம் லயத்துக்குப் பின்னால் போகும் ஓடையில் பத்து முறிக்காரர்களின் கழிவும், மாடு போட்டதும், கோழி செத்ததும் ஊறிக் கிடந்து பிப்ரவரி வெயிலில் நுரை கட்டியிருக்கும். அங்கேயே பிறந்தவர்களுக்கும் அது குமட்டும். ஆனால் மூக்கைப் பொத்திய கையை எடுக்காமலே அவர்களில் ஒரு பெண் மலையைப் பார்த்து, "எந்து ரசமாணு!" என்று அழகை வியந்தாள். அதுதான் லயத்து வாசலில் நின்ற உலகம்மாளுக்குப் பிடிக்கவில்லை. நாறுகிறது என்றால் நாறுகிறது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.

அந்தப் பெண் ஆர்ஷா. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலை படிக்கும் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு அவள்தான் தலைவி. ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர்களை மேய்க்க ஸ்ரீகண்டன் சார். அந்த வருஷம், இரண்டாயிரத்து மூன்றில், 'இல்லாதவர்க்குச் சின்ன வீடு' என்று பட்டணத்தில் ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். வீடு இருநூறு சதுர அடிக்குள் இருக்க வேண்டும். மண், மூங்கில், பழம் பொருள் இவற்றால் கட்ட வேண்டும். சிமென்ட் ஆகாது. கழற்றி வேறு இடத்தில் மாட்டவும் வர வேண்டும். மே மாசக் கடைசியில் பொருட்காட்சியில் வைத்து ஜட்ஜுகள் பரிசு கொடுப்பார்கள். காகிதத்தில் வரைந்து காட்டினால் மார்க் குறைவு, நிஜமான ஏழைக்கு நிஜமாகவே கட்டினால் கூடுதல். அந்த ஏழையைத் தேடித்தான் பொன்முடி ரோட்டில் ஏறி, பாதியில் பிரிந்து, வெள்ளாமொட்டை எஸ்டேட்டில் வந்து இறங்கியிருந்தார்கள்.

உலகம்மாளின் முறிக்குள் சார் குனிந்து நுழைந்தார். ஒற்றை முறி. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் விறகு, மிச்சத்தில் மனுஷர்கள். சுவரில் கை வைத்தால் கரி ஒட்டும், கரியைச் சுரண்டினால் பூஞ்சை இருக்கும். மேலே துருப்பிடித்த தகரம். நாலு இடத்தில் ஒழுகுவதற்கு நேர் கீழே நாலு பாத்திரங்கள் கோடையிலும் அப்படியே இருந்தன. எடுத்து வைக்க வேறு இடம் கிடையாது.

"சேச்சிக்கு எந்தாணு வேண்டே?" என்று ஆர்ஷா கேட்டாள்.

"ஒரு கக்கூசு," என்றாள் உலகம்மாள். "கதவு உள்ள கக்கூசு. பொம்பளைங்க தேயிலைக்குள்ள போயி ஒக்காந்தா ஒரு பக்கம் அட்டை, ஒரு பக்கம் காட்டுப்போத்து. பெறவு இந்தத் தகரத்துல நாலு மாத்தித் தாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

ஆர்ஷா சிரித்தாள். நல்ல சிரிப்பு, கெட்ட எண்ணமில்லாதது. "அது ரிப்பேர் அல்லே சேச்சி. ரிப்பேர் டிசைன் ஆகில்லல்லோ."

பக்கத்து முறி மாடம்மாள் வாசலில் நின்று, "ஏட்டி, கேட்டியா? ஓட்டைய அடைக்கச் சொன்னா படிப்புக்கு ஆகாதாம்," என்றாள்.

அவர்கள் உலகம்மாளைத் தேர்ந்தெடுத்தார்கள். மாடம்மாளுக்குத்தான் கஷ்டம் கூடுதல். புருஷன் இல்லை, முறியின் பின்சுவர் பாதி விழுந்து சாக்குத் தொங்குகிறது. ஆனால் மாடம்மாள் போட்டோவில் முறைத்தாள். உலகம்மாள் சிரித்தாள், பல்வரிசையும் நன்றாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

எஸ்டேட் மானேஜர் உடனே சம்மதம் கொடுத்தார். தற்காலிகக் கொட்டகை என்றால் தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். கூலிக்காரர்களுக்கு நல்லது எதற்கும் அவ்வளவு சீக்கிரம் அவர் தலையாட்டியதில்லை. ஏனென்று அப்போதே யாராவது யோசித்திருக்க வேண்டும்.

எஸ்டேட்டில் எங்கும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. லயத்தில் எவன் முறியில் அடுப்பு எரிகிறதோ அவன் பெயர்தான் செக்ரோலில் இருக்கும். செக்ரோலில் பெயர் இருந்தால்தான் அவன் எஸ்டேட் ஆள். முறி ஒழிந்து கிடந்தால் சூப்பர்வைசர் நாகேஸ்வரன் அன்றைக்கே பூட்டுப் போடுவான், பெயரை வெட்டுவான். ஃபாக்டரி சங்கு ஊதி ரெண்டு வருஷம் ஆகிவிட்டது; பெண்கள் பறிக்கும் கொழுந்து மட்டும் வெளியே விலைக்குப் போகிறது. புதுக் கம்பெனி ஒன்று எஸ்டேட்டை எடுக்கப் போவதாகப் பேச்சு. எடுக்கிறவன் செக்ரோலைப் பார்த்துத்தான் ஆளை எடுப்பான், பெயர் இல்லாதவன் மூட்டை முடிச்சோடு மலை இறங்க வேண்டியதுதான். அதனால் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போனாலும் அடுப்பு மூட்ட ஒரு ஆளை விட்டுவிட்டுத்தான் போவார்கள். உலகம்மாளின் புருஷன் வன்னியபெருமாள் தன் அப்பன் சாவுக்கே போகவில்லை. அப்போது உலகம்மாள் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். செங்கோட்டையில் தம்பி கொள்ளி வைத்தான். மூத்தவன் இங்கே உட்கார்ந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான்.

படிக்க வந்த பிள்ளைகள் இதை எப்படி அறிவார்கள். அதனால் உலகம்மாளே சொன்னாள். அவர்களில் தமிழ் தெரிந்தவன் ஜிபின் ஒருத்தன். அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"தம்பி, நீ எந்த ஊரு?"

"பாறசாலை, அக்கா."

"அப்ப வீட்டுல தமிழுதான?"

"அம்மைகிட்ட பேசுவேன். வாசிக்க அறியாது."

"வாசிக்க வேண்டாம், காதுல வாங்கு. புது வீடு கெட்டுங்க, வேண்டாங்கல. ஆனா இந்த முறியத் தொடப்பிடாது. முறி ஒழிஞ்சா பூட்டு விழும். பூட்டு விழுந்தா செக்ரோல்ல பேரு போச்சு. புதுக் கம்பெனிக்காரன் எங்கள நாய விரட்டுற மாதிரி விரட்டிருவான். நாங்க அங்கயும் படுத்துக்கிடுவோம், இங்கயும் அடுப்பு வைப்போம். அந்தப் பிள்ளைகிட்ட இத அப்படியே சொல்லு. என்ன?"

"சொல்லாம் அக்கா."

ஜிபினுக்குத் தமிழ் பேசுவது பிடிக்காது. ஹாஸ்டலில் அவனுக்கு, தமிழனைக் கேலியாகச் சொல்லும் 'பாண்டி' என்று பெயர். எஸ்டேட்டுக்கு வந்ததிலிருந்து கூட்டாளிகள், "டா பாண்டி, நின்றெ ஆள்கார் விளிக்குன்னு" என்று, உன் ஆட்கள் கூப்பிடுகிறார்கள் என்று, கேலி செய்துகொண்டே இருந்தார்கள். நீளமாகத் தமிழ் கேட்டதை நீளமாக மொழிபெயர்த்தால் இன்னும் கேலி செய்வார்கள். ஜீப் வேறு ஹாரன் அடித்தது.

"எந்தா அவர் பறஞ்ஞது?" என்று ஆர்ஷா கேட்டாள்.

"பழைய வீட்டோட வலிய அட்டாச்மென்டாணு," என்றான் ஜிபின்.

ஆர்ஷாவின் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட குழியின்மேல்கூட ஒரு மனுஷிக்குப் பிரியம் இருக்கிறதே என்று அவள் உண்மையாகவே நெகிழ்ந்தாள். அந்த நெகிழ்ச்சியில்தான் எல்லா வினையும் தொடங்கியது.

வேலை மார்ச்சில் ஆரம்பித்தது. லயத்துக்கு மேலே, மொட்டைப் பாறை ஓரமாக இடம். வேலை இல்லாமல் சும்மா கிடந்த ஆண்பிள்ளைகளை எல்லாம் சார் கூப்பிட்டு, "இது நிங்களுடெ வீடாணு, நிங்கள் தந்நெ பணியணும்," என்றார். கூலி கிடையாது, பங்கேற்பு. மதியம் பருப்புவடையும் கட்டன் சாயாவும் உண்டு. வன்னியபெருமாள் ஓடையிலிருந்து மண் சுமந்தான். நாலு பேர் மண்ணை மிதித்தார்கள். பிள்ளைகள் மண்ணை மிதிக்கும் கால்களைப் போட்டோ எடுத்தார்கள். கால்களை மட்டும். வெடித்த பாதமும் சேறும் அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு பெண் செருப்பைக் கழற்றிச் சேற்றில் இறங்கி, ஒரு போட்டோ எடுத்ததும் ஏறி, மினரல் வாட்டர் பாட்டிலில் கால் கழுவினாள். லயத்தில் குடிக்கப் பிடிக்கும் குழாயில் ரெண்டு வாரமாகத் தண்ணீர் வரவில்லை.

வீடு பார்க்க நன்றாகத்தான் வந்தது. மூங்கில் சட்டம், மண் பலகை, எல்லாம் போல்ட்டு போட்டு முடுக்கியது. கக்கூசும் வைத்தார்கள். அடுப்புக்கு மூன்றடி தள்ளி, ஒரு மூங்கில் தட்டிக்குப் பின்னால். தண்ணீர் ஊற்றக்கூடாது; போனபின் சாம்பல் போட வேண்டும்; ஆறு மாதத்தில் எருவாகும்; அதைக் கீரைப் பாத்திக்குப் போடலாம். சார் இதை விளக்கிச் சொன்னதும் லயத்துப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"இங்கன ஒக்காந்துகிட்டே கொழம்பக் கிண்டலாம் போல," என்றாள் மாடம்மாள். "தாளிச்ச வாசம் எது, மத்த வாசம் எதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுக்கிடணும்."

பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஜிபின் அதை மொழிபெயர்க்கவில்லை. எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று நினைத்து ஆர்ஷாவும் சிரித்தாள்.

கூரை மட்டும் பாக்கி இருந்தது.

மே மாசம் கடைசி வாரம் ஒரு சாயந்தரம், உலகம்மாள் கொழுந்தை எடை போட்டுவிட்டுக் கூடையோடு இறங்கி வந்தாள். தூரத்திலிருந்தே லயத்தின் கூரையில் ஒரு பல் விழுந்த மாதிரி இருந்தது. கிட்டே வந்தால் அது அவள் முறி. மேலே தகரம் இல்லை. கதவு இல்லை. உள்ளே, இத்தனை வருஷமாகத் தகரத்தின் அடியில் ஒட்டிக் கிடந்த கரியும் எலிப்புழுக்கையும் மொத்தமாகக் கொட்டியிருந்தன. பாயில், துணியில், மூடாமல் வைத்த சோற்றுப்பானையில். ஒரு எலிக்கூடு பிரிந்து ரோமம் முளைக்காத நாலைந்து குஞ்சுகள் தலையணை மேல் நெளிந்தன. 

புது வீட்டின் கூரையில் அவளுடைய தகரங்கள் இருந்தன. கதவை இடுப்பளவில் அறுத்து ஒரு பாதியை ஜன்னல் பலகையாக்கி, மறு பாதியில் மேசை செய்திருந்தார்கள்.

ஆர்ஷா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "சேச்சீ, சர்ப்ரைஸ்! பழைய வீடு முழுவன் இனி புதிய வீட்டிலுண்டு. சேச்சிக்க ஓர்மையொந்நும் போகில்ல!"

பழைய வீட்டின் நினைவுகளைப் பத்திரப்படுத்திக் கொடுத்ததாக ஆர்ஷாவுக்கு நினைப்பு. உலகம்மாள் கையை உருவிக்கொண்டாள். புருஷனைப் பார்த்தாள். "நீரு எங்க போயிருந்தீரு?"

வன்னியபெருமாள் ஏணி பக்கத்திலேயே நின்றான். "இங்கனதான் நின்னேன்."

"நின்னு?"

"ஏணியப் பிடிச்சேன்."

"அட, கட்டையில போவாரே!"

"நாம கேட்டது அதத்தானட்டி? தகரம் மாத்தத்தான் எடுக்கான்னு நெனச்சேன். நாலு எடுத்தான், சரிதான்னேன். பெறவு எல்லாத்தயும் எடுத்தான். புதுசு வண்டியில வருதாக்கும்னு நான் ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கேன்."

அவள் ஜிபினிடம் போனாள். "தம்பி, நான் ஒங்கிட்ட என்ன சொன்னேன்?"

ஜிபின் தரையைப் பார்த்தான்.

"நீ அவகிட்ட என்ன சொன்ன?"

"பழைய வீட்டு மேல... அக்காவுக்குப் பிரியம்னு."

"பிரியமா? இந்தப் பீத்தக் குழி மேலயா?" அவள் குரல் லயம் முழுக்கக் கேட்டது. "எனக்கு இது மேல பிரியமாலே? ராத்திரி முகத்துல எலி ஓடுதே, அது மேல பிரியமா? இதுல அடுப்பு அணைஞ்சா எம் பேரு போயிரும்னு கரடியாக் கத்தினேனே, பிரியமாம்லா பிரியம்!"

ஆர்ஷா, "எந்தா? எந்தா பிரஸ்னம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்போதும் ஜிபின் ஒழுங்காகச் சொல்லவில்லை.

சேதி கேட்டு நாகேஸ்வரன் வந்தான். கையில் பூட்டு இருந்தது, போடக் கதவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ரெண்டு பலகையைக் குறுக்கே வைத்து நிலையில் ஆணி அடித்தான். அடிக்கும்போது உலகம்மாளைப் பார்க்கவில்லை. அவனும் அதே மலையில் பிறந்தவன்.

"அண்ணாச்சி, நான் ஒழிஞ்சு போகல. இந்தா நிக்கேன்."

"நிக்கது எனக்குத் தெரியுது உலகம்மா. மானேஜருக்குத் தெரியணும்லா. முறி ஒழிஞ்சதுன்னு அவரு ஜன்னல்ல நின்னே பாத்துட்டாரு. ஒண்ணாம் தேதி புது செக்ரோல் எழுதணும். அதுக்குள்ள கூரை ஏறி அடுப்பு எரிஞ்சா எங் கண்ணுக்குப் பட்டது அடுப்புன்னு எழுதுவேன். இல்லன்னா எங் கையில ஒண்ணும் இல்ல."

உலகம்மாள் நேராக ஸ்ரீகண்டன் சாரிடம் போய் நின்றாள். தகரத்தை இப்போதே கழற்றித் தாருங்கள் என்றாள். அவருக்குத் தமிழ் ஓரளவு புரியும், வேண்டும்போது புரியும்.

"சேச்சி, நாளெ லோறி வரும். வீடு முழுவன் பட்டணத்துக்குக் கொண்டு போகணும். எக்ஸிபிஷன் மூணு திவசம். முப்பதாம் தேதி தீரும். பின்னெ எல்லாம் திரும்பி இவிடெ வரும். சேச்சியும் கூடெ வா. வலிய ஆள்கார் வரும். அவிடெ வச்சு மானேஜர் காரியம் ஞான் பேசாம். நான் கேரண்டி."

வீட்டைப் பிரித்தார்கள். கட்ட ரெண்டரை மாசம் ஆன வீடு ஒரு காலை நேரத்தில் லாரியில் ஏறிவிட்டது. உலகம்மாளும் வன்னியபெருமாளும் ரெண்டு நாள் மாடம்மாள் முறியில் அவள் கால்மாட்டில் கிடந்தார்கள். புதுவீட்டுக்காரி என்று லயமே அழைத்தது.

பொருட்காட்சி மைதானத்தில் வீட்டைத் திரும்ப மாட்டினார்கள். உலகம்மாளுக்கு வேலை, அதற்குள் உட்கார்ந்திருப்பது. நல்ல சேலை கொண்டு வந்திருந்தாள். அது வேண்டாம் என்றார்கள். கொழுந்து பறிக்கிற கோலத்திலேயே இருக்க வேண்டும். தலையில் துணிக்கட்டு, இடுப்பைச் சுற்றிப் படங்கு, முதுகில் கூடை. மலையில் குளிருக்கும் அட்டைக்கும் கட்டுகிற தார்ப்பாயை மே மாதத்துப் பட்டணத்து வெக்கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தொடையெல்லாம் வேர்க்குரு வெடித்தது. வாசலில் ஒரு துணிப் பேனரில் அவள் முகம் ஆள் உயரத்துக்குச் சிரித்தது.

சனங்கள் வந்தார்கள், குனிந்து பார்த்தார்கள். "இது ஒறிஜினல் தொழிலாளியாணோ?" என்று ஒருத்தர் கேட்டார். ஒரு அம்மாள் அவள் விரலைப் பிடித்துத் தேயிலைக் கறையைத் தன் பெண்ணுக்குக் காட்டினாள். உலகம்மாள் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள். மானேஜரிடம் சார் பேசுவார், கேரண்டி என்றார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ரெண்டாம் நாள் மத்தியானம், சட்டைப்பையில் பேனா குத்திய ஒரு ஆசாமி தட்டிக்குப் பின்னால் போனார். பார்க்கத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள். சத்தம் கேட்டது. பொருட்காட்சிக்கு என்று வைத்ததில் மூடி உண்டு, கீழே குழி கிடையாது, வெறும் பெட்டி. அவர் நிதானமாகப் போய்விட்டு வெளியே வந்து, "கொள்ளாம்" என்று பாராட்டி, கை துடைத்துக்கொண்டு போனார். மூத்திரம் மண் தரையில் வழிந்து, வாட்டம் பார்த்து, அடுப்படிக்கு வந்து, சாயாப் பாத்திரத்தின் அடியில் நின்றது.

சார் எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். "சேச்சி, அதொந்நு துடச்சேக்கணே. ஜட்ஜஸ் நாளெ காலத்து வரும்."

உலகம்மாள் துடைத்தாள். பெண்கள் வேண்டும் என்று கேட்ட கக்கூஸ் இது. பட்டணத்து ஆண்பிள்ளை ஒருத்தன் மோண்டதை அவள் மண்டி போட்டு வழித்தாள்.

மறுநாள், கடைசி நாள், காலையில் வெள்ளைக் காரில் ஒருத்தர் வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பொன்முடி ரோட்டில் அவருக்கு ரிசார்ட் வருகிறதாம். இந்த மாதிரி ஆறு வேண்டுமாம். கக்கூசுக்கு மட்டும் டைல்ஸ் போட்டு ஃப்ளஷ் வைக்கணும் என்றார். சார் தன் கார்டை எடுத்துக் கொடுத்தார். அவர் போனபின் உலகம்மாள் எழுந்து போய், "சாரே, மானேஜர்கிட்ட பேசினீங்களா?" என்று கேட்டாள்.

"அவர் ஃபோண் எடுக்குந்நில்லா சேச்சி. நோக்காம், நோக்காம்."

அவள் திரும்பி வந்தபோது ஜிபின் வீட்டின் பின்னால் நின்று மூங்கில் மூட்டுகளுக்குச் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டிருந்தான். பிரித்து மாட்டும்போது குழம்பாமல் இருக்க.

"இன்னைக்கே எஸ்டேட்டுக்கு லாரி போயிருமா தம்பி? நாளை மறுநா ஒண்ணாம் தேதி."

அவன் எண் போடுவதை நிறுத்தினான். அப்போதுதான் ஒரு தரம் உள்ளதைச் சொன்னான். "அக்கா, வீடு எஸ்டேட்டுக்கு வராது. காலேஜிலெ வைக்கப் போகுது. ப்ரின்ஸிப்பல் சொல்லியாச்சு. தோட்டத்திலே, காண்டீனுக்குப் பக்கத்திலே."

"என் தகரம்?"

"அதும்... வீட்டோட."

உலகம்மாள் அவனைத் திட்டவில்லை. திட்டினால் நேரம் போகும். முதுகிலிருந்த கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள், படங்கை அவிழ்த்தாள். வன்னியபெருமாள் சாயா கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். "இந்தாரும். அந்த ஏணிய எடுத்துட்டு வாரும். நீரு பிடிக்கத்தான் லாயக்கு, பிடியும்," என்றாள்.

ஏணியில் கால் வைத்து ஏறினாள். பிள்ளைகள் வைத்துவிட்டுப் போன ஸ்பானர் கூரையிலேயே கிடந்தது. முதல் போல்ட்டைத் திருகி, கொக்கியைத் தட்டி, தகரத்தை நிமிர்த்திக் கீழே இறக்கினாள். அவன் வாங்கிச் சுவரில் சாய்த்தான். ரெண்டாவதை இறக்கும்போதுதான் ஆர்ஷா பார்த்தாள்.

"அய்யோ! சேச்சீ, எந்தா செய்யுந்நே? ஜட்ஜஸ் வருந்நு! இறங்ஙூ!"

"என் தகரம் எனக்கு வேணும் மோளே."

"இதெல்லாம் சேச்சிக்கு வேண்டியல்லே நாங்கள் செய்தது? ராத்திரி உறங்காதெ... மூணு மாசம்..." ஆர்ஷாவுக்கு அழுகை வந்தது. நடிப்பில்லை. அவள் நிஜமாகவே மூன்று மாசம் தூங்கவில்லை.

உலகம்மாள் ஸ்பானரோடு மேலிருந்து பார்த்தாள். "எனக்காகவா? மோளே, நான் கேட்டது நாலு தகரம். நீ எங்கிட்ட இருந்ததயும் எடுத்துட்ட. இனிமே எனக்காக ஒண்ணும் செய்யாத. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

காவல்காரன் விசில் அடித்துக்கொண்டு வந்தான். சனம் கூடியது. சார் முகம் வெளுத்துப் போய்ப் போலீஸ் என்றார், பிறகு மானேஜர் என்றார். அதற்குள் கழுத்தில் அட்டை தொங்க மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஜட்ஜுகள். அவர்களில் வயதானவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

ஸ்ரீகண்டன் சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூளை வேகம். கைக்குட்டையால் முகத்தை ஒரு தரம் துடைத்தார். துடைத்து எடுத்தபோது அங்கே வேறு முகம் இருந்தது. மேசையில் கிடந்த மைக்கை எடுத்தார். நல்ல இங்கிலீஷிலும் பிறகு மலையாளத்திலும், நீங்கள் பார்ப்பது எங்கள் வடிவமைப்பின் உயிர்நாடி என்றார். இஞ்சினீயர் வேண்டாம், மேஸ்திரி வேண்டாம், பயனாளியான ஒரு சாதாரணத் தோட்டத் தொழிலாளிப் பெண் தன் வீட்டைத் தானே கழற்றுகிறாள், தானே கொண்டுபோய் வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்வாள் என்றார்.

வயதானவர் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும். விசில் அடித்து வந்த காவல்காரனும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தட்டினான். போட்டோக்காரன் மண்டியிட்டு மேல் நோக்கி எடுத்தான். ஆர்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளும் தட்டினாள்.

உலகம்மாளுக்கு வாய் முழுக்கக் கசந்தது. கூரைமேல் நின்றபடியே காறித் துப்பினாள். அது பேனரில் சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்தின் மேலேயே விழுந்தது. கை தட்டல் நிற்கவில்லை. அவள் அடுத்த போல்ட்டைத் திருகினாள்.

ஒன்பது தகரத்தையும் இறக்கிய பிறகு யாரும் தடுக்கவில்லை. கை தட்டியதைத் திருப்பி எடுக்க முடியாதல்லவா. சார் அவளிடம் வரவேயில்லை. மேடைப் பக்கம் ஓடிவிட்டார். பட்டணத்துச் சாலைச் சந்தையில் வாழைக்குலை இறக்கிவிட்டு மலையடிவாரத்து விதுரைக்குத் திரும்பும் வண்டிக்காரர் தாசையன் எஸ்டேட்டுக்காரர்களுக்குப் பழக்கம். வன்னியபெருமாள் போய் அவரைக் கூட்டி வந்தான். தகரத்தை ஏற்றும்போது ஜிபின் அறுத்த கதவின் ஒரு பாதியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இது வேண்டாமா அக்கா?"

"அரைக் கதவ வச்சு நான் என்னத்த மூடட்டும்? நீயே வச்சுக்க. பரிசு தருவானுவ," என்றாள்.

விதுரையில் இரவு ஒரு கடை வாசலில் கிடந்து, மறுநாள் எஸ்டேட் மண்ரோட்டில் தகரத்தை ரெண்டு ரெண்டாகத் தலையில் சுமந்து ஏறினார்கள். தாசையன் வண்டி அந்தச் சாலையில் ஏறாது. மாடம்மாளும் பாதி வழி இறங்கி வந்து சுமந்தாள், வழி முழுக்க வைதுகொண்டே. ஆணியடித்த பலகையை வன்னியபெருமாள் பிடுங்கினான். எலிக்குஞ்சுகள் தலையணையிலேயே செத்து ஊறி எறும்பு மொய்த்துக் கிடந்தன. உலகம்மாள் தலையணையோடு எடுத்து ஓடையில் எறிந்தாள். பொழுது சாய்வதற்குள் கூரை ஏறிவிட்டது. கதவுக்குப் பதில் மாடம்மாளின் பின்சுவர் மாதிரியே சாக்கு. அடுப்பு மூட்டும்போது இடவப்பாதிப் பருவமழை இரைந்துகொண்டு மலை இறங்கி வந்தது.

பழைய ஓட்டை நாலு. புது வீட்டுக்கு அளவு பார்த்துப் போல்ட்டு போடப் பிள்ளைகள் தகரம் தகரமாகத் துளைத்த ஓட்டைகளுக்குக் கணக்கில்லை. முறி முழுக்கத் தூவியது. அடுப்பு அணையாமல் இருக்க வன்னியபெருமாள் அதன் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான்.

நாகேஸ்வரன் சாக்கை ஒதுக்கிக்கொண்டு தலையை நீட்டினான். அடுப்பைப் பார்த்தான். குடையைப் பார்த்தான். "சரி. எரியுது," என்றான். "நாளைக்குக் காலைல பேரு கூப்பிடுத பிரட்டுக்கு வந்துரு. பேரு இருக்கும்."

உலகம்மாள் தலையை ஆட்டினாள். ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அவன் போகவில்லை. "பட்டணத்துல ஒனக்குக் கை தட்டினாங்களாமே? தாசையன் விதுரையில சொன்னான். பெரிய பெரிய ஆளெல்லாம் தட்டினானாம். எதுக்கு?"

"கூரையப் பிரிச்சதுக்கு," என்றாள் உலகம்மாள்.

நாகேஸ்வரன் சிரிக்கலாமா என்று பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. "தள்ளி நில்லும் அண்ணாச்சி, நீரு நிக்க எடத்துலதான் பாத்திரம் வைக்கணும்," என்றாள்.